பின்னிய பூவும் எண்ணப்படாத நேரமும்

பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தர யார் முன்வந்தாலும் தையல், எம்பிராய்டரி, குரோஷா இவற்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். குரோஷாவிலும் முதலில் சொல்லித்தர வசதியானது பூ. உல்லன் நூலில் ஐந்து இதழ், நடுவில் ஒரு மணி, பின்னால் ஊக்கு. சேலையிலோ துப்பட்டாவிலோ குத்திக்கொள்ள ஒரு புரோச் தயார். இந்தச் சின்னப் பொருளை வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்தில் வைத்து எடைபோட விரும்புகிறேன். பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஊசி பிடிக்கும் வேலை அங்கே கப்பலேறி ஐரோப்பா போகும் ஷூவின் ஒரு பகுதி. பூ பின்னுவதை வருமானத்துக்கு வழி என்று சொல்பவர்கள் சந்திக்க வேண்டிய கேள்விகள் அத்தனையும் அந்த ஊர்களில் முன்பே எழுந்துவிட்டன.

முதலில் பூவின் பக்கம் நின்று பேசுகிறேன். ஆறு செயின் போட்டு வளையமாக இணைத்தால் நடுப்புள்ளி. அதன்மேல் ஐந்து வளைவுகள். ஒவ்வொரு வளைவையும் குட்டைத் தையல், நெட்டைத் தையல், மறுபடி குட்டைத் தையல் என்று நிரப்பினால் இதழ் தானாகக் குவிகிறது. அந்த இதழ்களுக்குப் பின்னால் இன்னொரு செயின் வரிசையை மறைவாக ஓட்டி, அதன்மேல் பெரிய இதழ்களை எழுப்பினால் பூ இரண்டடுக்காகிறது. இரண்டு ஊசிப் பின்னலில் வழி வேறு. நீளமாகக் கண்ணி ஏற்றி, சில வரிசை பின்னி, ஒரு வரிசையில் ஒவ்வொரு கண்ணியையும் இரண்டாக்கினால் ஓரம் அலையலையாகச் சுருளும். கண்ணிகளை முடித்து, அந்த நாடாவைச் சுருட்டி அடியில் நாலு தையல் போட்டால் ரோஜா. எந்த வழியில் போனாலும் ஏற்றுவது, கூட்டுவது, முடிப்பது, தைத்துச் சேர்ப்பது என்று பின்னலின் அடிப்படைகள் பெரும்பாலும் ஒரே உட்காரலில் கைக்கு வந்துவிடுகின்றன. ஸ்வெட்டரில் தொடங்கியவள் மூன்றாம் வாரம் அதன் கைப்பகுதியிலேயே சலித்து மூட்டை கட்டி வைப்பாள். பூவில் தொடங்கியவளுக்கு அன்றே முழுமையான பொருள் ஒன்று கிடைக்கிறது. கற்பிக்கும் கருவியாக இதற்கு இணை குறைவு என்பதே என் கருத்து.

இதற்கு மின்சாரம் வேண்டாம், மெஷின் வேண்டாம், தனி அறை வேண்டாம். ஒரு ஊசியும் ஒரு நூல் உருண்டையும் போதும். முக்கியமானது, எந்த இடத்திலும் நிறுத்தலாம், எந்த இடத்திலிருந்தும் தொடரலாம். பால் பொங்கினால் வைத்துவிட்டு எழலாம். குழந்தை தூங்கியதும் மறுபடி எடுக்கலாம். பயிற்சி நடத்துபவர்கள் எல்லோரும் இந்தக் குணத்தைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்குச் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்.

இந்தப் பூவுக்கு ஒரு வரலாறு உண்டு. அடுக்கடுக்காக இதழ் எழும் குரோஷா ரோஜா அயர்லாந்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1840-களில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து அந்நாடு பஞ்சத்தில் விழுந்தபோது, கன்னியர் மடங்களும் சீமாட்டிகளும் பசித்த குடும்பத்துப் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்து, லேஸை வாங்கி விற்றார்கள். விலை உயர்ந்த ஐரோப்பிய லேஸைப் போலத் தோன்ற வேண்டும், விரைவாகவும் முடிய வேண்டும் என்ற தேவையில் வளர்ந்த வடிவம் அது. உயிரைக் காத்தது என்று அதைச் சொல்லலாம், தவறில்லை.

தமிழ் மண்ணில் அதற்கும் முந்தைய கதை நாகர்கோவிலில் இருக்கிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் தம்பதியர் 1819-இல் அங்கே வந்தார்கள். மார்த்தா மால்ட் தம் பெண்கள் பள்ளியில் 1820-களில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். தலையணை மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுட்பமான வேலை அது. அடிமை முறை சட்டப்படி இருந்த திருவிதாங்கூரில், அந்த லேஸ் வருமானத்தால் சில பெண்கள் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது. ஊசி வேலை பெண்ணை வீட்டுக்குள் பூட்டுகிறது என்று ஒரே வீச்சில் தீர்ப்பு எழுதுபவர்கள் நாகர்கோவிலைத் தாண்டிப் போக முடியாது. கூலி அவள் கைக்கே வந்தது; அந்தக் கூலிக்கு அவள் வாழ்வையே மாற்றும் வலிமை இருந்தது.

ஆந்திரத்தின் நரசாபுரத்தில் மிஷனரி விதை வேறு மாதிரி முளைத்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் அங்கே குரோஷா லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஏற்றுமதிச் சந்தைக்குப் பின்னும் பெண்கள் தொழிலாளிகளாகவே கணக்கில் வரவில்லை. ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகள் என்றே கருதப்பட்டார்கள். வியாபாரம் ஆண்கள் கையில் இருந்தது. இதுதான் அவர் கண்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த நூலின் வாதம் பழையதாகவில்லை. அதற்கு இன்றைய சாட்சி ஆம்பூர்.

ஆம்பூரில் ஷூ கம்பெனிகளுக்குள் பெண்கள் திரளாக வேலை செய்வது எல்லோருக்கும் தெரியும். விடியற்காலையில் கிராமங்களுக்கு வரும் கம்பெனி பஸ்களைப் பார்த்தாலே போதும். வெளியே அதிகம் தெரியாதது, கம்பெனிக்குப் போகாமல் வீட்டிலேயே ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் பெண்கள். வெட்டிய தோலையும் மெழுகு நூலையும் ஏஜென்ட் கொண்டுவந்து போடுவார். மொக்காசின் வகை ஷூவில், மேல் தோலின் ஓரத்தைச் சிறுசிறு கொசுவமாகச் சுருக்கி இணைக்கும் அந்தத் தையல், கையால் போட்டால்தான் அழகாக அமையும். பெண்கள் ஊசியால் தைத்துக் கொடுப்பார்கள். ஏஜென்ட் எண்ணி வாங்கிப்போவார். கூலி ஜோடிக் கணக்கு. 2016-இல் பெங்களூருவின் சிவிடெப், இங்கிலாந்தின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட், லேபர் பிஹைண்ட் த லேபல் ஆகிய அமைப்புகள் 'ஸ்டிச்சிங் அவர் ஷூஸ்' என்ற அறிக்கையை வெளியிட்டன. கடையில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகும் ஷூவைக் கையால் தைத்த பெண்ணுக்கு ஜோடிக்குப் பத்து ரூபாய்கூட முழுதாகக் கிடைக்கவில்லை என்று அது பதிவு செய்தது. தோள்வலி, முதுகுவலி, கண் எரிச்சல் பற்றியும் பேசியது.

இனி பூவுக்குத் திரும்பலாம். அப்பர் தையலுக்கும் பூப் பின்னலுக்கும் பொதுவான குணம், இடையிடையே நிறுத்திச் செய்யலாம் என்பது. அந்தக் குணம்தான் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு இந்த வேலையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அவள் நேரத்தைக் கணக்கில்லாமல் ஆக்குவதும் அதே குணம்தான். கம்பெனிக்குள் நுழைந்தால் மணி அடிக்கிறது, வெளியே வந்தால் மணி அடிக்கிறது. நடுவில் உள்ளது வேலை நேரம். வீட்டில் பத்து நிமிடம், பிறகு கால் மணி, பிறகு இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி என்று சிதறிக் கிடக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்ப்பவர் யாருமில்லை. அவளே கூட்டுவதில்லை. 'சும்மா இருக்கற நேரத்துல செய்யறதுதானே' என்ற ஒரு வாக்கியத்தில் அத்தனையும் கரைந்துபோகிறது. அந்த வாக்கியத்தை ஏஜென்டும் சொல்கிறார், வீட்டாரும் சொல்கிறார்கள், பயிற்சி நடத்தும் நல்ல மனிதர்களும் சொல்கிறார்கள். பெண்கள் கைத்தொழில் பற்றி நடக்கும் பேச்சில் இதைவிடத் தீங்கான வாக்கியம் வேறில்லை என்று நினைக்கிறேன்.

கூட்டிப் பார்ப்போம். இரண்டடுக்கு இதழ், ஓர் இலை, பின்னால் ஊக்கு வைத்துத் தைத்தது என்று ஒரு புரோச்சுக்குப் பழகிய கைக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-25-க்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 40. மண் வெட்டும் வேலைக்குக் கொடுக்கும் கூலியையாவது பூவுக்கும் கொடுப்பதென்றால் கைக்கூலி மட்டும் 30 ரூபாய் ஆகிறது. நூல், மணி, ஊக்கு எல்லாம் சேர்த்துப் பத்து ரூபாய் என்றால் அடக்கவிலை 40. விற்காமல் தங்குவது, சந்தைக்குப் போய்வரும் செலவு, கடைக்காரர் பங்கு எல்லாவற்றையும் ஏற்றினால் 80 ரூபாய்க்குக் குறைத்து விற்க முடியாது. ஃபேன்ஸி ஸ்டோரில் இருபது ரூபாய்க்குத் தொங்கும் பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில் இது நிற்க வேண்டும். நின்று விலைபேசும்போது குறைவது எது? நூல்காரர் குறைக்க மாட்டார், ஊக்குக்காரர் குறைக்க மாட்டார். அந்த 30 ரூபாய்தான் பதினைந்தாகிறது, பத்தாகிறது. பூ விற்றுப்போகிறது, விற்ற கணக்கைக் காட்டிப் பயிற்சி வெற்றி என்று எழுதிக்கொள்கிறார்கள்.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு ஊசிப் பின்னலை மெஷின் செய்யும். 1589-இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் மெஷினை அமைத்துவிட்டார். இன்றைய திருப்பூர் முழுவதும் அந்த வழியில் வந்ததுதான். குரோஷாவை அப்படிப் பின்னித் தள்ளும் மெஷின் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. சாயலில் ஒன்றைச் செய்யலாம், அசலைக் கையால்தான் செய்ய முடியும். ஆகவே உலகின் எந்த ஊர்க் கடையில் குரோஷா பூ மலிவாகக் கிடைத்தாலும் அதை யாரோ உட்கார்ந்து பின்னியிருக்கிறார். மெஷின் வந்து கைவேலையைக் கொன்றது என்ற பழக்கமான விளக்கம் இங்கே செல்லாது. இந்தப் பூவுக்குப் போட்டி, இன்னும் குறைந்த கூலிக்கு இன்னொரு வீட்டில் பின்னும் இன்னொரு பெண்.

பொருளாகவும் பூவைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தரம் குறைந்த பொருளுக்கு நியாய விலை கேட்பதும் சரியல்ல. வேலூரின் வெயில் பெயர்பெற்றது. அந்த வெயிலில் மார்பில் குத்திக்கொள்ளச் சொல்லும் உல்லன் பூ, ஊரைப் பார்க்காமல் செய்த பொருள். உல்லன் என்று கடையில் விற்பது பெரும்பாலும் ஆட்டு மயிர் அல்ல, அக்ரிலிக் இழை. நாலு முறை உடுத்தினால் மேலே சிறு உருண்டைகள் எழும்பும், தூசியைப் பிடித்துக்கொள்ளும். நீலகிரியில், கம்பளி தேவைப்படும் குளிரில், தோடர் பெண்கள் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூத்தையல் அந்த மண்ணோடு பொருந்தி நிற்கிறது. 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. வேலூருக்கு வேண்டியது பருத்தி நூல். மெர்சரைஸ் செய்த பருத்தியில் பின்னி, வடித்த கஞ்சியில் முக்கி, இதழை விரலால் நீவி நிழலில் காயவைத்தால் பூ விறைப்பாக நிற்கும். துவைத்து மறுபடி கஞ்சி போடலாம். ஊக்கு துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். ஒரு பட்டுச் சேலையில் துருக்கறை பட்டால் அந்த வீட்டில் அடுத்த பூ விற்காது.

கனமான பூ மெல்லிய ஜார்ஜெட் துணியை இழுத்துத் தொங்கும். அதற்கு மருந்து அந்த ஊரிலேயே இருக்கிறது. பூவின் முதுகில் காசளவு மெல்லிய தோல் வட்டம் வைத்துத் தைத்தால் கனம் பரவும், ஊக்கு அசையாது, பின்பக்க முடிச்சுகள் மறையும். ஷூ வெட்டிய பிறகு மிஞ்சும் தோல் துண்டுக்கு ஆம்பூரில் பஞ்சமில்லை. குரோமியத்தால் பதப்படுத்திய அந்தக் கழிவை எங்கே போடுவது என்பதே பெருந்தொல்லை. ஒரு புரோச்சால் கழிவுச் சிக்கல் தீரும் என்று சொல்லத் துணியமாட்டேன், அது ஏமாற்று. பூவுக்கு ஓர் ஊர் முகவரி கிடைக்கும், அவ்வளவுதான்.

இன்னும் பெரிய குறை வடிவத்தில் இருக்கிறது. யூடியூபில் பார்த்த ஐந்து இதழ் ரோஜா, டெய்சி, சூரியகாந்தி இவற்றையே எல்லா ஊரிலும் எல்லாரும் பின்னுகிறார்கள். வேலூர் வட்டாரத்துப் பூ எது என்று கேட்டால் எனக்குச் சந்தேகமில்லை, ஆவாரம்பூ. குரோமியம் பரவும் முன்பு இந்த வட்டாரத்தின் தோலை ஆவாரம் பட்டைதான் பதப்படுத்தியது. கிழக்கிந்தியத் தோல் என்று லண்டன் சந்தையில் பெயர் வாங்கிய தோலுக்குப் பின்னால் இருந்தது வறண்ட காட்டில் தானாக முளைக்கும் இந்தச் செடி. மஞ்சள் இதழ் ஐந்து, நடுவே பழுப்பேறிய மகரந்தத் தாள்கள். இரண்டு நிறப் பருத்தி நூலில் குரோஷாவுக்கு அளவெடுத்தது போன்ற பூ. ஆவாரம்பூவும் முதுகில் ஆம்பூர்த் தோலுமாக ஒரு புரோச் இருந்தால், அது வேறெங்கும் செய்த பொருளாக இருக்க முடியாது. மூன்று நாள் வகுப்பில் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் பயிற்சிகள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. பூ பின்னக் கற்றவளுக்கு, ஒரு பூவைப் பார்த்து அதைக் கண்ணிகளாக எண்ணி எழுதும் கல்வி கிடைப்பதில்லை. முதல் பாடமே கடைசிப் பாடமாக முடிகிறது.

யார் அணிவார்கள் என்பதையும் நேராகக் கேட்க வேண்டும். முழம் போட்டு மல்லிகை விற்கும் ஊரில், தலையில் பூ வைக்கும் பெண் மார்பில் பூ குத்துவது அபூர்வம். சேலை மடிப்புக்கு அவள் தேடுவது ஊக்கை. அது வெளியே தெரியக்கூடாது. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரத்தில் முஸ்லிம் பெண்கள் பெருந்தொகையினர். தலைத்துணியை நிறுத்த ஊக்கும் புரோச்சும் அவர்களுக்கு அன்றாடத் தேவை. அது பார்வைக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது, அழகும் எதிர்பார்க்கப்படுகிறது, ரம்ஜான் மாதத்தில் வியாபாரம் ஏறும். உள்ளூரிலேயே இப்படி ஒரு வாங்குவோர் கூட்டம் இருக்கும்போது கிறிஸ்துமஸ் ஏற்றுமதி ஆர்டரைக் கனவு காண்பது ஏன்? ஏற்றுமதி ஆர்டர் வந்தால் நடுவில் ஏஜென்ட் வருவார். ஏஜென்ட் வந்தால் ஜோடிக் கணக்கு வரும். உள்ளூர்ப் பெண்ணுக்கு உள்ளூர்ப் பெண் விற்கும்போது, விலை பேசும் இரண்டு பேருக்கும் அந்தப் பூவில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரியும்.

சுய உதவிக் குழுக்களின் பங்கை மறுக்க முடியாது. 1983-இல் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், 1989-இல் தருமபுரியில் முதல் குழுக்களை அமைத்தது. இன்று மாவட்டத் தலைநகர்களில் பூமாலை வணிக வளாகங்கள், 'மதி' என்ற பொது விற்பனைப் பெயர், கண்காட்சிகள் என்று நூலும் இடமும் கடனும் கிடைக்க ஒரு வழி இருக்கிறது. ஏஜென்டை நம்பியிருக்கும் அப்பர் தையல்காரிக்கு இதில் எதுவும் எட்டுவது கடினம். பூ அந்த வகையில் மேல். ஆனால் குழுவின் கணக்குப் புத்தகத்தில் சேமிப்பு உண்டு, கடன் உண்டு, வட்டி உண்டு. வேலை செய்த மணி நேரத்துக்கு ஒரு பத்தி இல்லை. அந்தப் பத்தி இல்லாத வரை குழுவும் சும்மா இருக்கிற நேரம் என்ற நம்பிக்கையிலேயே ஓடுகிறது.

கூலி மட்டுமே அளவுகோலா என்று கேட்பவர்களுக்கு வேலூரிலேயே ஒரு பதில் இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மூலம் நிமிர்த்தினார். நிமிர்ந்த கைக்கு வேலை வேண்டும் என்று 1950-களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் உருவானது. தச்சும் பொம்மை செய்தலும் கற்பித்தார்கள். உணர்ச்சி இழந்த விரல் எந்தக் கருவியில் காயப்படுகிறது என்று கூர்ந்து பார்த்து, கருவியைக் கைக்கு ஏற்ப மாற்றினார்கள். கைத்தொழிலுக்குக் கையே முதல் என்ற அந்தக் கவனம் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுகிறது. அதே வட்டாரத்தில் மெழுகு நூலை இழுத்து இழுத்துத் தோள் கடுக்கும் பெண்ணுக்கு அப்படிக் கவனிப்பவர் யார்? பகலெல்லாம் அப்பர் தைத்தவளை, கூடுதல் வருமானம் என்று சொல்லி இரவில் பூப் பின்ன உட்காரவைக்கக் கூடாது. அதே விரல், அதே கண், அதே கழுத்து. அவளுக்கு இது கூடுதல் வருமானம் ஆகாது, கூடுதல் தேய்மானம். அப்பர் தையலை விட்டு இதற்கு வரும்படி கூலி இருந்தால் மட்டுமே அவளை அழைப்பது நியாயம்.

சட்டம் மெதுவாக நகர்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு மற்றத் தொழிலாளர்களுக்கு நிகரான நடத்தை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வீட்டிலிருந்து வேலை செய்பவர் யார் என்று வரையறுக்கிறது. வரையறையோடு கூலி வருவதில்லை. தமிழ்நாட்டில் காலணி, தோல் பொருள் தொழிலாளர்களுக்கு நலவாரியம் உண்டு. ஆனால் யாரிடம் வேலை செய்கிறேன் என்பதற்குத் துண்டுச் சீட்டுகூட இல்லாத பெண் எதைக் காட்டித் தன்னைத் தொழிலாளி என்று நிறுவுவாள்? பூப் பின்னுபவள் நிலையும் அதுவே.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் ஒரு குழு செய்யக்கூடியது உண்டு. ரேட் வைக்கும்போது கைவேகம் மிகுந்த ஒருத்தி, யாரும் தொந்தரவு செய்யாத அறையில், எத்தனை நிமிடத்தில் முடித்தாள் என்று பார்க்கக் கூடாது. வேகக்காரி, நடுத்தரக்காரி, புதியவள் என்று மூவர் தங்கள் வீடுகளில், சமையலுக்கும் குழந்தைக்கும் நடுவில் பின்னட்டும். எடுத்த நேரத்தையும் வைத்த நேரத்தையும் சுவரில் ஒரு காகிதத்தில் எழுதட்டும். நூலை அவிழ்த்து மறுபடி போட்ட நேரமும், கஞ்சி போட்டுக் காயவைத்த நேரமும் அதில் சேர வேண்டும். மூன்றையும் கூட்டிச் சராசரி கண்டு, மணிக்கு இவ்வளவு என்று அவர்களே பேசி முடித்த கூலியால் பெருக்கி வருவதே ஒரு பூவின் ரேட். அந்த ரேட்டுக்குச் சந்தையில் ஆள் இல்லை என்றால் பயிற்சியைப் பூவோடு நிறுத்திவிடக் கூடாது, வேறு பொருளுக்குப் போக வேண்டும். ஆள் உண்டு என்றால், அடுத்த வகுப்பின் முதல் நாள், ஊசியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே, அந்த எண்ணைப் பலகையில் எழுதிப் போட வேண்டும்.